சாமுவேல் பார்த்த நகரம்

அன்புள்ள தம்பிக்கு,

முதன்முறையாகப் பெருநகரத்துக்கு வரும், எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் ஆமிஷ் கிறிஸ்தவச் சமூகத்துச் சிறுவனை வைத்துக் கதை எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்ததுபோல அவனை வாய்பிளக்க மட்டும் வைத்துவிடாதே.

1985-இல் பீட்டர் வியர் இயக்கிய ‘விட்னஸ்’ படத்தை முதலில் பார். தகப்பனை இழந்த 8 வயது சாமுவேல், பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியிலிருந்து அம்மாவோடு ரயிலேறுகிறான். அடுத்த வண்டிக்காக பிலடெல்பியா நிலையத்தில் காத்திருக்கும்போது, கறுப்புத் தொப்பியும் தாடியுமாக ஒரு பெரியவர் கண்ணில் படுகிறார். நம் ஊர்க்காரர் என்று எண்ணி அருகே போகிறான். அவரோ யூதர். பேச்சே இல்லை, முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறான். பிறகு, இரண்டாம் உலகப் போரில் மாண்ட ரயில்வே ஊழியர்களின் நினைவாக 1952-இல் நிறுவப்பட்ட தேவதைச் சிலையை அண்ணாந்து பார்க்கிறான். கட்டடங்களின் உயரத்தைவிட, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அந்தப் பிள்ளையை உறுத்துகிறது.

நிலையத்தின் கழிவறையில் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். கொலையாளியை அவன் அடையாளம் காட்டுவது எப்படித் தெரியுமா? காவல் நிலையத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் செய்தித்தாள் படத்தைப் பார்த்து! புகைப்படத்துக்கு நிற்பதே தற்பெருமை என்று ஒதுக்கும் சமூகத்துப் பிள்ளை அவன். எவ்வளவு கூர்மையான பார்வை!

ஆமிஷ் மக்களின் உலகத்தை மூடிய கோட்டையாகவும் எழுதிவிடாதே. பொதுவாக, சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளத்தான் கூடாது. ரயிலில் போவார்கள், வேனை ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்துவார்கள். பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டில் லான்காஸ்டர் ஆமிஷ் குடும்பங்கள் கடை நடத்துகின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நகரம் அப்பா வேலைக்குப் போகும் இடம்.

அப்புறம், மொழி. வீட்டில் அவர்கள் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் ஓரறைப் பள்ளிக்கூடத்தில்தான் நன்றாகக் கற்கிறார்கள். ஆகவே உன் சிறுவன் 5 வயதுக்காரன் என்றால், அவன் வாய்திறக்காததற்குப் பயம் மட்டுமே காரணமாக இராது. வயதை முதலில் முடிவுசெய்.

விவரம் சேகரிக்க லான்காஸ்டர் போனால் கேமராவைப் பைக்குள்ளேயே வை. கடையில் ஏதாவது வாங்கு, பேச்சுக் கொடு, அவர்கள் சொல்வதைக் கேள். எழுதி முடித்ததும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா