பஸ் எப்போது கிளம்பும்?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். போன மாதம் விட் ஸ்டில்மனின் ‘பார்சிலோனா’, இந்த மாதம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. இரண்டுக்கும் ஒரே சண்டை. பாதிப் பேர் “இந்த மாதிரி இன்னும் போடுங்க” என்கிறார்கள். மீதிப் பேர் “சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்கலையே” என்று நடுவிலேயே எழுந்து போகிறார்கள். நான் இடுக்கிப் பூப்பாறையில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்தவன். எங்கள் ஆட்களுக்குப் பேச்சுப் படம் பார்க்கத் தெரியவில்லையா, இல்லை படங்களிலேயே கோளாறா ஐயா?

— ஓர் ஆசிரியர், சித்தூர் தாலுகா

பதில்: உங்கள் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். ‘பராசக்தி’ (1952) வசனத்தை மனப்பாடம் செய்து மேடையேறிய ஜனங்கள் நாம். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) ஒரு வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத படம். ஆள் மாற்றி ஆள் பேசுவதுதான் அதில் நடப்பதெல்லாம். அது ஓட்டமாக ஓடியது, சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. உங்கள் ஊரின் மலையாளப் பாதிக்கு ‘சந்தேசம்’ (1991) போதும். சீனிவாசன் எழுதிய அந்த அண்ணன் தம்பி, போலந்தைக் கண்ணால் பார்க்காமலே போலந்துக்காக மல்லுக்கு நிற்பார்கள். இன்றைக்கும் கேரளத்து டீக்கடை அரசியலில் போலந்து தலைகாட்டாமல் இருப்பதில்லை. ஆகவே பேச்சு அதிகம் என்பது உண்மையான புகார் இல்லை.

‘பார்சிலோனா’வில் சிக்கல் வேறு. 1994-இல் வந்த படம். கதை நடப்பது பனிப்போரின் கடைசிப் பத்தாண்டில். டெட் ஓர் அமெரிக்க மோட்டார் கம்பெனியின் விற்பனை ஆள். அவனுடைய உறவுக்காரன் ஃபிரெட் கடற்படை அதிகாரி. ஸ்பெயின் 1982-இல்தான் நேட்டோவில் சேர்ந்திருந்தது, ஊரில் பாதி அதை வெறுத்தது. அந்த ஊரில் ஃபிரெட் சீருடையோடு தெருவில் நடக்கிறான். டெட், எறும்புகளை வைத்து அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை விளக்கப் பார்க்கிறான். கேட்பவர்களோ ‘அப்போ மூன்றாம் உலகமே உங்களுக்கு எறும்பா?’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பழைய வசனப் படங்களில் பேசுகிறவர் மனதில் இருப்பதைத்தான் பேசுவார், நாம் யார் பக்கம் என்பதும் முதல் ரீலிலேயே முடிவாகிவிடும். இங்கே பேசுகிறவனுக்கே தான் உளறுவது தெரியாது. அவன் சொல்வதற்கும் சபை கேட்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது. அந்த இடைவெளி ஆங்கிலத்தின் தொனியில் இருக்கிறது, சப்டைட்டிலில் பாதிதான் தேறும். அதுவும் ஸ்டில்மன் எழுதும் வசனம் நீளநீளமாக வரும். எழுத்தைத் துரத்திக்கொண்டே ஓடினால் முகத்தை எப்போது பார்ப்பது? எழுந்து போனவர்களில் பலர் படத்தை வெறுத்திருக்க மாட்டார்கள், வாசித்து ஓய்ந்துபோயிருப்பார்கள். கேரளத்தில் எம்சோன் தன்னார்வலர்கள் எத்தனையோ உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதியிருக்கிறார்கள், பெரிய காரியம். ஆனால் தமிழ்வழியில் படித்த உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த மலையாள எழுத்தும் தடையாக நிற்கும். இதைத் திரையிடுகிறவர் யோசிக்க வேண்டும்.

படத்தின் மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஸ்டில்மன் ஸ்பெயினில் வாழ்ந்தவர், அந்த ஊர்ப் பெண்ணை மணந்தவர், ஊரை நன்றாகவே அறிந்தவர். அப்படியிருந்தும் ஸ்பானியப் பெண்கள் அந்தப் படத்தில் வந்த அமெரிக்கர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் கடைசியில் அவர்களோடு அமெரிக்கா போகவும்தான் இருக்கிறார்கள். உங்கள் வாசகசாலையில் யாராவது இதற்காக முகம் சுளித்திருந்தால் அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

‘நண்பகல் நேரத்து மயக்கம்’ உங்கள் ஊருக்கு இன்னும் கிட்டே வருகிறது, அதனால் சண்டையும் சூடாக இருந்திருக்கும். வேளாங்கண்ணி போய்விட்டு மூவாற்றுப்புழை திரும்பும் மலையாளிக் கூட்டம். தமிழ்ப் பாட்டும் தமிழ்நாட்டுச் சாப்பாடும் பிடிக்காத ஜேம்ஸ். எல்லாரும் தூங்கும் மத்தியானத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார், சோளக்காட்டு வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார், இரண்டு வருஷமாகக் காணாமல் போன சுந்தரத்தின் வீட்டுக்குள் சுந்தரமாகவே நுழைந்து மாட்டுக்குத் தீனி வைக்கிறார். அமெரிக்கர்கள் ஸ்பெயினில் செய்யாத காரியம் இது. அவர்கள் அந்நியராகவே இருந்து வாதாடினார்கள். இவர் வாதமே இல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பிரீமியரிலேயே இந்தப் படத்துக்குக் கூச்சல் குழப்பம்தான். 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் முன்பதிவு செய்தவர்களுக்கே இடமில்லாமல் தகராறு ஆனது. அதே விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தந்த விருது இதற்குத்தான். 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தபோது, ஜேம்ஸாக நடித்த மம்மூட்டிக்காக வந்தவர்களில் ஒரு பகுதி தூக்கம் வந்தது என்றது. பிறகு மாநில அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளும் வந்தன. விருது வந்ததால் தூங்கியவர் தப்பு என்று ஆகாது. கேமரா நகராமல் நின்று பார்க்கிற படம், மத்தியான வெயிலின் கதை. அதில் கண் சொருகுவது ஒரு வகையில் படத்துக்குள் போவதுதான்.

இதையும் பேச்சுப் படம் என்று அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. பாத்திரங்கள் அதிகம் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஓடும் டி.வி.யிலிருந்து பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சுந்தரத்தின் கண் தெரியாத தாய் அந்த டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். தியேட்டரில் அந்த ஒலி பின்னால் எங்கோ இருக்கும், ஆட்களின் குரல் முன்னால் வரும். வாசகசாலையில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாகக் குழம்பி இரைச்சலாகிவிடும். உங்களிடம் என்ன ஸ்பீக்கர் இருக்கிறதென்று எழுதவில்லை. என் சந்தேகம் அதன் மேல்தான்.

ஸ்பீக்கர் சரியாக இருந்தாலும் அபிப்பிராயம் பிரியத்தான் செய்யும். யார் வீட்டுக்குள் யார் வந்தார் என்று பார்ப்பதில் இருக்கிறது அந்தப் பிரிவு. கோட்டயத்திலோ மூவாற்றுப்புழையிலோ பார்க்கிறவருக்கு மனம் பஸ்ஸில் இருக்கும்: ‘இந்த மனுஷன் எப்போது தெளிவார், எப்போது ஊர் போய்ச் சேர்வோம்?’ பழனிப் பக்கம் பார்க்கிறவருக்கு மனம் சுந்தரத்தின் மனைவி பூவள்ளியின் திண்ணையில் இருக்கும்: ‘இந்த ஆளை என்ன செய்வது, விரட்டுவதா, சோறு போடுவதா?’ முதல் ஆளுக்குப் படம் தாமதம், இரண்டாம் ஆளுக்குப் படம் நெருக்கடி. உங்கள் தாலுகாவில் இரண்டு வகையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியோடு சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குள் வந்தபோதிலிருந்து, உங்கள் வீடுகளில் யார் விருந்தாளி என்ற கேள்வி தீரவே இல்லை. பூப்பாறைக்காரரான உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறவர், பள்ளியில் மலையாளம் பேசி வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, இருவரும் ஜேம்ஸைப் பார்த்துச் சிரிக்கும் இடம் ஒன்றாக இருக்காது.

அதனால் படம் முடிந்ததும் “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கட்சி கட்டத்தான் முடியும். “பஸ் கிளம்பிவிட வேண்டுமென்று எந்த இடத்தில் நினைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். நினைக்கவே இல்லை என்று ஒருவர் சொல்வார், முதல் பத்து நிமிஷத்திலேயே என்று இன்னொருவர் சொல்வார். அதற்குமேல் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. ‘பார்சிலோனா’வுக்கு, எறும்புக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போட்டு, ஸ்பானியர்கள் கோபப்பட்டது சரியா என்று கேட்கலாம்.

அடுத்த மாதத்துக்கு லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) போடுங்கள். தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவே ஏலக்காய் மூட்டை சுமக்கிறவர்களின் கதை. ‘நண்பக’லுக்கு ஒளிப்பதிவு செய்த தேனி ஈஸ்வர்தான் அதற்கும் கேமரா. இதையும் ‘மெதுவாகப் போகிறது’ என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். மலை ஏறி இறங்கிய ஆட்கள் யாராவது ஊரில் இருந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஸ்பீக்கர் இரண்டாக இருக்கட்டும்.