மறதியும் மறதிநோயும்

முதுமையில் ஒரு பெயர் மறந்து பின் நினைவுக்கு வருதல் இயல்பே. பழகிய வினையின் முறை மறத்தலோ மறதிநோயின் முன்னறிகுறிகளுள் ஒன்றாகும். கீரிப்பாறை அரசு ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டு பால்வெட்டிய பெரியவர் ஒருவர் கத்தியை வைத்த இடம் மறந்து தேடினால் அஞ்ச வேண்டா. பட்டையைச் சீவிவிட்டுச் சிரட்டை வைக்க அடிக்கடி மறந்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, நாள்தோறும் நடந்த வழியில் திகைத்து நின்றாலோ வாளாவிருத்தல் தகாது.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் இத்தகைய மறதி மூளையின் நோயால் விளைவதை எடுத்துரைத்தார். ஆயினும் தைராய்டுக் குறைவும், வைட்டமின் பி12 குறைவும், மனச்சோர்வும் இதே தோற்றம் தரும்; இவை மருத்துவத்தால் சீர்படக்கூடியவை. ஆதலால் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்காமல், கண்டவற்றை நாளிட்டுக் குறித்துக்கொண்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. மாணவர்களே, இல்லத்தில் இம்மாற்றத்தை முதலில் காணும் கண்கள் உங்களுடையனவாக இருக்கலாம். நகையாடாது பெற்றோரிடம் உரைப்பீராக.