கச்சான் காற்றைக் கேட்டு வரை

கல்பிட்டி

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய வீட்டுப் படம் கிடைத்தது. அளவுகள் சரி, கோடுகளும் சுத்தம். ஆனால் மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி, மேலே தட்டைக் கொங்கிறீட்டுக் கூரை. இந்த வீடு எந்த ஊரில் நிற்கப்போகிறது என்று படத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல முடியவில்லை. மொரட்டுவைக்குப் போய்க் கட்டடக்கலை படிக்க ஆசைப்படுகிறவள் நீ. அதனால் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதுகிறேன்.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞரானார். 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைப் பூந்தோட்டமாக மாற்றத் தொடங்கினார். மனதில் தோன்றுவதை மண்ணில் கொண்டுவரக் கைப்பழக்கம் போதாது என்று பட்டபின் லண்டனுக்குப் போய் மறுபடி மாணவரானார். 1957இல் கட்டடக் கலைஞராகத் தேறியபோது வயது 38.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கண்ணாடியும் இரும்பும் நினைத்தபடி கிடைக்காது. அதனால், எனா டி சில்வா என்பவருக்காகக் கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டில், நடுவே முற்றத்தை வைத்துச் சுற்றிவர அறைகளை அமைத்தார். காற்றும் வெளிச்சமும் தெருப்பக்கம் எட்டிப்பார்க்காமலே வீட்டுக்குள் வந்தன. நம் பாட்டிமாரின் வீடுகளில் முற்றம் செய்த வேலையும் அதுதானே!

கூரைக்கு அவர் கண்ட வழி இன்னும் எளிது. அலை அலையான அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் அரைவட்ட நாட்டு ஓட்டை அடுக்கினார். சீற்று ஒழுக்கைத் தடுக்கும், ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும். அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதை நீ எடுக்காதே. ஒரு வேலையை இரண்டு பொருளுக்குப் பங்கிட்ட புத்தியை எடுத்துக்கொள்.

நீ வரைந்த தட்டைக் கூரைக்கு இனி என் கதை. நம் வீட்டு முன் போர்ட்டிக்கோவின் தட்டை நான்தான் நின்று போடுவித்தேன். கம்பியை மூடுகிற கொங்கிறீட்டு மெல்லிசாக விழுந்ததை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துருவேறிய கம்பி பருத்து, கொங்கிறீட்டை அடியிலிருந்து பிளந்து தள்ளியது. போன வருடம் ஒரு துண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, நான் அஸருக்குப் போயிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு ஓட்டுக்கூரைதான் நல்லது என்று எழுதி வைத்துவிடாதே. பாவா இடத்துக்கு இடம் வேறாகத்தான் கட்டினார். நமக்கு அடுத்த குருநாகல் மாவட்டத்துப் பொலொந்தலாவத் தோட்டத்தில் பாவாவும் அவருடைய கூட்டாளி டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் பெரும் பாறைகளை உடைக்காமல் வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றத்துக்குப் பாவா சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, கட்டடத்துக்குச் செப்புக் கூரை போட்டார். அவருடைய யோசனைகளைக் கணக்குப் போட்டு நிற்கவைத்தவர் பங்காளியான பொறியியலாளர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். பிறகு, 1994இல் முடிந்த கண்டலம ஹோட்டலில் பாவாவே தட்டைக் கூரை போட்டார். மலைச்சரிவை ஒட்டி நிற்கும் கட்டடம் அது. கூரையில் செடி வளர்த்து, காட்டுக்குள் அதை மறைய விட்டார். ஆக, கூரையை முடிவு செய்தது பழக்கமல்ல, அந்தந்த இடம். 2003இல் அவர் மௌத்தாகும்வரை ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களை அவர் தரவில்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற நாளில், பகல் மூன்று மணிக்கு, வாப்பாவோடு கந்தக்குழிக் கரைக்குப் போ. யாருடைய மீன் வாடியிலாவது கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் இரு. கிடுகு எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, இந்த மூன்றையும் குறித்துக்கொள். அந்த வாடியைக் கட்டியவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனவரல்லர். ஆனால் காற்றிடம் அடி வாங்கிப் படித்தவர்.

வீட்டுக்கு வந்து உன் படத்தில் மேற்குச் சுவரை மட்டும் மாற்றி வரை. கூரையை இப்போது தொடாதே. சுவர் சரியானால், மேலே என்ன வேண்டும் என்று உனக்கே தெரியவரும்.

உம்மாவுக்கு ஸலாம் சொல். நோன்புக்கு முன் வருவேன், வரும்போது நல்ல அழிறப்பர் ஒன்றும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாச்சா