கடையில் ஊர்க் கூட்டம்: இலாபமா, நட்டமா?

சிறிய கழிவு விலைக் கடை நடத்தும் ஒருவர், பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளுடன் விலையில் மட்டும் போட்டி போட்டு நீண்ட காலம் தாக்குப் பிடிக்க முடியாது. அவர்கள் லொறிக் கணக்கில் வாங்குகிறார்கள். நாம் பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம். ஆனால் ஊரவர்கள் உரிமையோடு வந்து உட்காருவது நமது கடையில்தான். கடை பூட்டிய பின் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ மரண உதவிச் சங்கமோ கூட்டம் நடத்த இடம் கேட்டால் கொடுக்கலாமா?

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், டோட் லேன் என்ற தெருவில் 1844 டிசம்பர் 21ஆம் திகதி ஒரு சிறிய கடை திறக்கப்பட்டது. நெசவாளரும் ஏனைய தொழிலாளருமாக 28 பேர் 28 பவுண் சேர்த்துத் தொடங்கிய கடை அது. மா, சீனி, பட்டர், மெழுகுவர்த்தி போன்ற சில சாமான்களே அங்கிருந்தன. அவர்கள் விலையைக் குறைத்து விற்கவில்லை. சந்தை விலைக்கு விற்று, மிஞ்சிய இலாபத்தை அங்கத்தவர்கள் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் மேல்மாடியையும் எடுத்து, பத்திரிகை வாசிக்கவும் கூடிப் பேசவும் இடம் செய்தார்கள். அரசியலிலும் மதத்திலும் நடுநிலை என்பது அவர்களது கொள்கைகளில் ஒன்று. உலகக் கூட்டுறவு இயக்கம் இன்றும் அந்தக் கடையைத் தன் முன்னோடியாகக் கருதுகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. செலவைக் கணக்கிடுங்கள். ஒரு கூட்டத்துக்கு தேநீர், மின்சாரம் என்று 1,000 ரூபா போனால், நூற்றுக்கு 5 ரூபா இலாபம் வைக்கும் கடை அதை ஈடு செய்ய 20,000 ரூபாவுக்கு மேலதிகமாக விற்க வேண்டும். ஆகவே மாதம் ஒன்று போதும். தேநீர்ச் செலவைச் சங்கமே ஏற்கட்டும்.

2. கூட்டத்தில் வியாபாரம் பேசாதீர்கள். வந்தவர்களை வாங்கச் சொன்னால், அடுத்த முறை வர மாட்டார்கள்.

3. எல்லோருக்கும் ஒரே சட்டம். ஊரில் இரு தரப்பு உண்டானால், ஒரு தரப்புக்கு மட்டும் இடம் கொடுத்த கடை மறு தரப்பின் வாடிக்கையை இழந்துவிடும். எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அவர்களைத் திரும்ப அழைக்க முடியாது. தேர்தல் கூட்டங்களுக்கு ஆரம்பத்திலேயே மறுத்து விடுங்கள்.

4. கடன் கொப்பி வேறு, கூட்டம் வேறு. இடம் கொடுத்தவர் கடனும் கொடுப்பார் என்ற எண்ணம் வளர விடாதீர்கள்.

5. காசு லாச்சியை வெறுமையாக்கி, பெறுமதியான சாமான்களைப் பூட்டி வையுங்கள். வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். வாடகைக் கடையானால் உரிமையாளரின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள்.

மறுநாள் விற்பனையைப் பார்த்து இதன் பலனை அளக்க முடியாது. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மாதச் சாமானுக்கு உங்களிடம் வருகிறார்கள் என்று எண்ணி, பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.