கணினியில் இயங்குதளம் ஏற மறுத்தால்

பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய கணினி இன்று தோட்டத்து வீடுகளிலும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே, பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை ஏற்ற முற்படுவோர் உளர். படிமக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் இட்டுக் கணினியை முடுக்கினால், திரை கறுத்து நிற்கிறது. உடனே, இயந்திரம் கெட்டது என்று முடிவுகட்டிப் புதியதற்குப் பணம் தேடுகிறோம். மங்கில் பால் குறைந்தால் அன்றே மரத்தையா சாய்க்கிறோம்? முதலில் பென்டிரைவைச் சோதித்தல் வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. எனப்படும் படிமக் கோப்பு, ஒரு வட்டின் முழு உள்ளடக்கத்தையும் அதன் அமைப்போடு ஒரே கோப்பாக்கியதாகும். பாட்டை நகலெடுப்பதுபோல் அதனை நகலெடுத்து வைத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற செயலிகளைக் கொண்டு எழுதுதல் வேண்டும். அப்போது பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழியும். எழுதியபின் திறந்து பாருங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பு ஒன்று மட்டுமே தென்படுமாயின், அது வெறும் நகலே.

அடுத்தது, இறக்கிய கோப்பு முழுமையானதா என்பது. தோட்டப்புறத்தில் இணையத் தொடர்பு இடையிடையே அறுவது நாம் அறிந்ததே. இதற்கென எஸ்.எச்.ஏ. 256 என்னும் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்பு எண்ணை வெளியீட்டாளர்கள் தருகின்றனர். செவன்-ஜிப் செயலியை நிறுவினால், நம் கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தி அதன் எண்ணைப் பெறலாம். ஒரு குறி மாறினாலும் மீண்டும் இறக்குக. இது வீண் வேலையன்று. 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்டின் இணையத்தளத்துள் புகுந்தோர், இறக்கச் சுட்டியைத் தீய நிரல் கலந்த படிமத்திற்குத் திருப்பிவிட்டனர். உண்மைக் கோப்புகளின் எண்களை வெளியிட்டு, ஒப்பிட்டுப் பார்க்குமாறு அத்திட்டத்தினர் பயனர்களைக் கேட்டுக்கொண்டனர்.

கோப்பும் பென்டிரைவும் செம்மையாயிருந்தும் பழைய இயங்குதளமே திறக்கிறதா? கணினியை முடுக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளுள் ஒன்று, அதன் வகைக்கேற்பத் தொடக்கப் பட்டியலைக் காட்டும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸை மீண்டும் ஏற்றுவோர்க்கு வேறொரு தடை வரக்கூடும்: "இவ்வட்டில் நிறுவ இயலாது" என்னும் செய்தி. கணினி தொடங்கிய முறையும் வட்டின் பகுப்பு முறையும் பொருந்தாமை இதற்கு ஒரு காரணம். 'எல்லாப் பகுப்புகளையும் அழித்துவிடு' என்று அறிந்தவர்போல் சிலர் கூறுவர். அதனை ஏற்றால், பிள்ளையின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் இயங்குதளத்தோடு சேர்ந்தே போய்விடும். தொடக்கப் பட்டியலில் அதே பென்டிரைவ் இரு பெயர்களில் தோன்றினால், யூ.இ.எஃப்.ஐ. என்ற சொல் ஒன்றில் மட்டும் இருக்கும். முதலில் மற்றொன்றைத் தேர்ந்து முயலுங்கள்.

அழிக்கவே நேர்ந்தால், லினக்ஸ் மின்ட் எழுதிய பென்டிரைவ் கைகொடுக்கும். நிறுவாமலே அதிலிருந்து கணினியை இயக்கலாம். வட்டு மறையீட்டால் பூட்டப்படாதிருப்பின், படங்களை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அழிக்கும் பொத்தானைத் தொடுங்கள்.