திருப்பதியில் வீடு வாங்கப்போகும் மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகனே,

சித்தூர் வீட்டை விற்றுவிட்டு, திருப்பதியில் சுற்றுச்சுவரும் காவலாளும் உள்ள குடியிருப்பு ஒன்றில் குடியேறலாமா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது, நான் தலையிட மாட்டேன். பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பதி சௌகரியமே. ஆயினும், உன் அம்மா பேச்சுவாக்கில் சொன்ன ஒரு செய்தி என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. தோத்தாபுரி பருவத்தில், உன் மாம்பழக் கூழ் ஆலையில் கத்தி பட்டுக் கையை அறுத்துக்கொண்ட பெண்ணுக்குத் தாராளமாகவே பணம் கொடுத்தனுப்பினாயாம். அவள் எந்த ஊர், கை ஆறிற்றா என்று கேட்டதற்கு, மேஸ்திரிக்குத்தான் தெரியும் என்றாயாம்.

லூக்கா 16ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் தன் வாசலில் கிடந்த ஏழை லாசருவை அடிக்கவுமில்லை, அங்கிருந்து துரத்தவுமில்லை. அவன் பெயரைக்கூட அறிந்தே இருந்தான் என்பதை, எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்ட பின்னும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பாதாளத்தில் வேதனைப்படும்போதும் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர் கொண்டுவரவும், தன் சகோதரரை எச்சரித்து வரவும் அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடமே கேட்கிறான். ஏழையை ஏவலாளாகவே பார்த்துப் பழகிய கண் மரணத்துக்குப் பின்னும் மாறவில்லை. எனக்கு அச்சம் தருவது அதுவே.

உன் தாத்தா மதனப்பள்ளி ஆரோக்கியவரம் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், சபையில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஊர் வியக்கும் விலைக்கு எடுத்த நம் சொந்தக்காரர்கள், நம் வீட்டைக் கடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவர் திரும்பி வந்த பிறகும் ஒருவர் படியேறவில்லை. ராகி சங்கடி உருட்டிக்கொண்டு வந்து உன் பாட்டி கையில் கொடுத்தவள், நம் துணி வெளுத்த தெலுங்கு அம்மாள். அவள் நம் சபையைச் சேர்ந்தவளும் அல்லள். உன் அப்பா இதையெல்லாம் மறந்துவிடச் சொல்வான். மறக்க எனக்கு விருப்பமில்லை. காணிக்கைப் பையில் விழும் பணம் பிறனுடைய வாசற்படியை மிதித்த கணக்கில் சேராது என்று அன்று நான் கொண்ட தீர்மானம் இன்றும் தளரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியையும் எண்ணிப் பார். பல மிஷன்கள் ஒன்றுகூடி 1915இல் திறந்து, டென்மார்க் தேசத்து டாக்டர் பிரிமோட் மோலர் வளர்த்த அந்த ஸ்தாபனம், நோயாளி வாசலுக்கு வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. நம் தேசத்தில் பி.சி.ஜி. ஊசி 1948இல் ஆரம்பமானது அங்கேதான். 1950 முதல் டாக்டர் மோலருடைய மகனும் உடனிருந்தோரும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கே சென்று, எக்ஸ்ரே எடுத்து, க்ஷயரோகிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஆகையால் திருப்பதி வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மேஸ்திரியை அனுப்பாமல், நீயும் உன் மனைவியும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வாருங்கள். அவள் கொடுக்கும் மோரைக் குடியுங்கள். பிறகு உன் இஷ்டம்.

அதிகமாக எழுதிவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளாதே, ராஜா. பெற்றோரை உன்னைப்போல் தாங்கிய பிள்ளை நம் வம்சத்தில் வேறு யாருமில்லை. என் முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் வெகு சுகம். திருப்பதியிலேயே வாங்கினாலும், வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன்; பெரியம்மா இப்போதே அதிரசத்துக்குப் பாகு பதம் பேசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் பெரியப்பா