சக்கரம் மேலே ஏற இடம் இருக்கிறதா?

சேத்துப்பட்டிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் தார்ச்சாலைக்கு எந்த வண்டியும் போதும். அதற்கு அப்பால் ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்குப் பிரியும் மண்பாதைகளில், மழைத்தண்ணீர் அறுத்த பள்ளங்களில்தான் சோதனை தொடங்குகிறது. குறுக்குப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் அந்தரத்தில் சுழலும்போது, இன்னும் நாலு அங்குலம் கீழே இறங்கினால் மண்ணைப் பிடித்திருக்குமே என்று மஹிந்திரா தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. உடனே நீளமான ஷாக் அப்சார்பர், உயரமான ஸ்பிரிங் என்று விலை கேட்கிறார்கள். எவ்வளவு நீளும் என்பதுதான் கடையில் கேட்கும் கேள்வி. சக்கரம் மேலே ஏறும்போது எதில் இடிக்கும், கீழே இறங்கும்போது எதை இழுக்கும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த வழி நமக்குப் பொருந்தும் என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

ஷாக்கின் கணக்கு எளிது. 100 மி.மீ. கூடுதலாக ஓடும் ஷாக்கில் தண்டும் ஏறக்குறைய அவ்வளவு நீளம் கூடும். தண்டு உள்ளே போய் அடங்குகிற குழாயும் அவ்வளவு கூடும். அதனால் முழுக்க விரிந்த நீளம் 200 மி.மீ. கூடுகிறது, முழுக்க மடங்கிய நீளமும் 100 மி.மீ. கூடுகிறது. வாங்குபவர் முதல் எண்ணைப் பார்த்து மகிழ்கிறார். தொல்லை தருவது இரண்டாவது. ஆக்சில் ரப்பர் ஸ்டாப்பரைத் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிக்கொண்டால், பள்ளத்தில் விழும் வண்டியின் அடி முழுவதும் அதன் பிராக்கெட்டில் இறங்கும். வெல்டு விடுவது, புஷ் நசுங்குவது, சீல் போய் எண்ணெய் கசிவது எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. ஸ்டாப்பரை நீட்டி வைத்தால் ஷாக் தப்பிக்கும். ஆனால் சக்கரம் மேலே ஏறும் தூரம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். காசு கொடுத்து வாங்கிய ஓட்டத்தில் ஒரு பகுதியை நாமே அடைத்துவிடுகிறோம்.

டயரைத் தொட்டால் சிக்கல் இன்னும் கூடும். இரு பக்கச் சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் இணைந்திருக்கும் வண்டியில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரென்ஷியல் உருண்டைக்கு அடியில் உள்ள இடைவெளி ஒரு மி.மீ. கூட அதிகரிக்காது, அதைக் கூட்டுவது டயர் மட்டுமே. ஜிம்னியின் 195/80 R15 டயர் சுமார் 693 மி.மீ. விட்டம். 235/75 R15 போட்டால் சுமார் 733 மி.மீ. கூடிய 40 மி.மீ.யில் பாதிதான், அதாவது 20 மி.மீ.தான், அடியில் கிடைக்கும் லாபம். அகலமும் 40 மி.மீ. கூடுகிறது. இனி ஒரு சக்கரம் மேலே, மறுசக்கரம் கீழே என ஆக்சில் சாயும்போது, மேலேறும் டயரின் தலை உட்பக்கமாகச் சாய்ந்து வீல் ஆர்ச்சின் உள்தகட்டை உரசும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ஆர்ச்சின் பின்விளிம்பையோ சேஸியையோ தொடும். சமதரையில் நிறுத்தி டயருக்கு மேலே கைவிட்டுப் பார்த்து “இடம் இருக்கிறது” என்று சொல்வதில் அதனால் பொருளில்லை.

கீழ்ப்பக்கமும் இலவசமல்ல. சக்கரம் அதிகம் தொங்கினால் முதலில் விறைப்பது பிரேக் ஹோஸ். அடுத்தது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம். அது கூடினால் ஷாஃப்டின் கிராஸ் சீக்கிரம் தேய்ந்து அதிர்வு வரும். ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியில் உயரம் கூடக்கூட பேன்ஹார்டு ராடு ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும். காஸ்டர் கோணம் குறைந்து, வளைவில் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பும் குணம் தளரும். 2020 முதல் வரும் தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே சிவி ஜாயின்ட்டின் கோணமும் மேல்கையின் எல்லையும் குறுக்கே நிற்கும். ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைப்பது பலர் செய்யும் வேலை. உயரம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஆக்சில் முறுக்கிக்கொள்வதும் ஸ்டீயரிங் ராடுகளின் கோணம் கெடுவதும் கூடவே வரும்.

பாடிக்கும் சேஸிக்கும் நடுவே ஸ்பேசர் வைத்துவிட்டால் உரசல் தீருமே என்பார்கள். மட்கார்டு உரசல் தீரும், உண்மைதான். சேஸியில் இடிப்பதும், ஷாக் முட்டுவதும், ஷாஃப்ட் கோணமும் அப்படியே இருக்கும். பாடி லிஃப்டைத் தனி மருந்தாக நம்ப முடியாது. ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் மலிவான ஸ்பேசரும் உயரத்தைக் காட்டுமே தவிர ஓட்டத்தைக் கூட்டாது.

இத்தனைக்கும் நமக்கு வேண்டியது என்ன? அந்தரத்தில் சுழலும் சக்கரம் வண்டியை நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான். அதை டிஃப் லாக்கும் செய்யும். கூர்க்காவில் முன்னும் பின்னும் அது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. தாரின் சில வகைகளில் பின்னால் உண்டு. தொங்கும் சக்கரத்தோடு தரையில் உள்ள சக்கரத்தையும் கட்டாயம் சுழற்றுவதால், நாலு அங்குல ஓட்டத்துக்காகப் பத்து பாகங்களை மாற்றும் வேலை மிச்சம். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: லாக் வண்டியை நகர்த்தும், ஆனால் சாய்வைக் குறைக்காது. நீண்ட ஓட்டம் நாலு சக்கரத்தையும் தரையில் வைத்து உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும். பெரும்பாறைகளில் போட்டி ஓட்டுபவருக்கு அது உயிர்காக்கும் வேறுபாடு. அவர் முழுச் செலவும் செய்யட்டும். முழங்கால் ஆழப் பள்ளமும், செய்யாற்று மணலும், மீதி நாளெல்லாம் ஆரணி, வந்தவாசித் தார்ச்சாலையும் என்று ஓடும் வண்டிக்கு என் தேர்வு இதுதான்: அசல் டயர், அல்லது ஒரு படி மட்டும் பெரியது, அதோடு 40 மி.மீ. அளவில் உயர்த்தும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும் ஒரே செட். மிச்சப் பணம் இருந்தால் பின் டிஃப் லாக். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் விவரத்திலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், 182ஏ பிரிவில் அதற்குத் தண்டனை உண்டு என்பதையும் பெரிய மாற்றம் விரும்புபவர் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

எந்த வழியானாலும் பணம் கொடுக்கும் முன் பட்டறையில் ஒரு சோதனை கேளுங்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி, போடப்போகும் டயரோடு ஒரு பக்கத்தை ஸ்டாப்பர் நசுங்கும்வரை ஜாக்கியால் ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு முனைக்கும் ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஷாக்கின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, வாங்கப்போகும் ஷாக்கின் மடங்கிய நீளம் அதைவிட 15 மி.மீ.யாவது குறைவா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் அதற்கு அடுத்த குட்டையான ஷாக்கைக் கேளுங்கள்.